பும்புவாங் – கடிதம்

அன்புள்ள ஐயா,

தாய்லாந்தின் லூக் துங் என்ற நாட்டுப்புறப் பாணி இசையின் பாடகி பும்புவாங் துவாங்ஜன் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். தேடிக் கேட்டேன். குரல் இனிமைதான். ஆனால் 30 வயதில் இறந்துபோன அனுதாபம்தானே இவ்வளவு புகழுக்கும் காரணம்? எழுதப் படிக்கத் தெரியாதவர் என்கிறார்களே, உண்மையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உண்மைதான். 1961இல் பிறந்தவர், சுபான்புரி மாகாணத்தில் கரும்பு வெட்டும் குடும்பம். இரண்டாம் வகுப்போடு பள்ளி நின்றது. பாட்டை யாராவது வாசித்துக்காட்ட, கேட்டே மனப்பாடம் செய்தார்.

தாய்லாந்து மொழியில் காது கொஞ்சம் பிசகினாலும் போச்சு. 'காவ்' என்ற ஒரே அசை, தொனி மேலிருந்து இறங்கினால் சோறு. தாழ்ந்தே நின்றால் செய்தி. கீழிருந்து ஏறினால் வெள்ளை. மெட்டு ஏறும் இடத்தில் சொல் இறங்கவேண்டும் என்றால், அந்தச் சுரத்துக்குள்ளேயே சிறு வளைவு போடவேண்டும். போடாவிட்டால் பொருள் கெடும், கூடிப்போனால் மெட்டு கெடும். லூக் துங்காரர்களின் தொண்டை உருட்டலை வெறும் அலங்காரம் என்று நான் நினைக்காததற்கு இதுவே காரணம். பும்புவாங் உருட்டும்போது ஒரு சொல்கூட மங்காது. வயற்காட்டு ரசிகனுக்கு முதலில் வேண்டியது அதுதான்.

அனுதாபக் கணக்கு இடிக்கிறது. பாடகர் வைபோட் பெட்சுபானின் இசைக்குழுவில் சேர்ந்தபோது அவர் சிறுமி. 1980களில் பாடலாசிரியர் லோப் புரிரட்டின் குறும்பான வரிகளும் மின்கருவிகளும் வேகமான ஆட்டமும் சேர்ந்தன. கேசட்டுகள் நகரத்துக்குள்ளும் போயின. பட்டிக்காட்டுப் பாட்டு என்று முகம் சுளித்தவர்களும் கேட்டார்கள். எல்லாம் உயிரோடு இருந்தபோதே நடந்தவை.

'சோம் தம்' கேளுங்கள். பப்பாளிக்காய்க் கலவையின் பெயர் அது. இளவரசி சிரின்தோன் எழுதிய பாட்டு, முழுக்கச் சமையல் குறிப்பு. மிளகாயையும் பூண்டையும் இடி, எலுமிச்சை, மீன்சாறு, சர்க்கரை சேர், பப்பாளிக்காயைப் போடு, காய்ந்த இறால் பொடியை மறந்துவிடாதே, தக்காளியும் காராமணிக்காயும் சீக்கிரம் என்று போகிறது. அரண்மனை எழுத்தை, எழுத்தறியாதவர் பாடுகிறார். கேட்டால் பக்கத்து அடுப்படியிலிருந்து யாரோ சொல்வதுபோல இருக்கும்.

1992 ஜூன் 13 அன்று லூபஸ் நோயால் இறந்தார். உடலின் எதிர்ப்பாற்றல் தன் உறுப்புகளையே தாக்கும் நோய் அது. தாய்லாந்தில் இன்றும் பேச்சுவழக்கில் அதற்கு 'பும்புவாங் நோய்' என்றே பெயர். தகனத்துக்கு அதே இளவரசி வந்தார்.

சுபான்புரியில் வாட் தப் கிரடான் கோயிலில் அவருக்குச் சிலைகள் வைத்திருக்கிறார்கள். உடைகளும் ஒப்பனைப் பொருட்களும் காணிக்கையாகக் குவிகின்றன. பாட்டு கேட்க வருவோரைவிட அவரிடம் அதிர்ஷ்ட லாட்டரி எண் வேண்டி வருவோர்தான் அதிகம் என்று தோன்றும். குலுக்கல் மாதம் இருமுறை, 1ஆம் தேதியும் 16ஆம் தேதியும். அதற்கு முந்தைய நாட்களில் போனால் நெரிசலுக்குத் தயாராகப் போங்கள்.