வாசகர் கேள்வி பதில்: வடசென்னையில் ஹைட்ரஜன் பேருந்து

கேள்வி: தண்டையார்பேட்டையிலிருந்து மணலிக்குத் தினமும் பேருந்தில் வேலைக்குச் செல்கிறேன். டெல்லியில் 2023இல் ஹைட்ரஜன் பேருந்துகளின் சோதனை ஓட்டம் தொடங்கியது என்றும், அவற்றிலிருந்து தண்ணீர் மட்டுமே வெளியேறும் என்றும் படித்தேன். புகையிலேயே வாழும் எங்கள் பகுதிக்கல்லவா அவை முதலில் வரவேண்டும்?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: உங்கள் ஆதங்கம் முற்றிலும் நியாயமானது. பேருந்தின் கூரைமேல் உள்ள உருளைகளில் 350 பார் அழுத்தத்தில் அடைக்கப்பட்ட ஹைட்ரஜனும் வெளிக்காற்றில் உள்ள ஆக்சிஜனும் எரிபொருள் கலத்தில் சேரும்போது மின்சாரம் உண்டாகி மோட்டாரைச் சுழற்றுகிறது. எதையும் எரிப்பதில்லை என்பதால் குழாயில் நீராவியும் சொட்டுத் தண்ணீரும்தான் வரும்.

ஆனால் ஆலைகள் நிறைந்த மணலிக்குச் செல்பவர் என்ற முறையில் நீங்கள் இன்னொன்றையும் கேட்கவேண்டும்: அந்த ஹைட்ரஜன் எங்கே, எப்படித் தயாராகிறது? இயற்கை எரிவாயுவிலிருந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுத்தால் ஏறத்தாழ 9 முதல் 10 கிலோ கரியமில வாயு வெளியேறும். அப்படித் தயாரித்ததை நிரப்பினால், அண்ணாநகர்வாசிக்குக் காற்று சுத்தமாகும். ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்கு என்ன கிடைக்கும்? இதை நான் ஏற்கமாட்டேன்.

சூரிய ஒளி, காற்றாலை மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைப் பிரித்து எடுப்பதே தூய வழி. அதற்கு ஒரு கிலோவுக்கு 50 முதல் 55 யூனிட் வரை செலவாகும். பெரிய பேருந்து ஒன்று 100 கிலோமீட்டர் ஓட 8 கிலோ ஹைட்ரஜன் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 400 யூனிட்டுக்குக் குறையாது. அதே மின்சாரத்தை நேரே பேட்டரியில் ஏற்றினால், அதே தூரத்துக்கு 150 யூனிட் தாராளமாகப் போதும். பிரான்சின் மோன்பெலியே நகர நிர்வாகம் 51 ஹைட்ரஜன் பேருந்துகள் வாங்கும் திட்டத்தை 2022இல் கைவிட்டது இந்தக் கணக்கைப் பார்த்துத்தான். பேட்டரிப் பேருந்தைவிட ஓட்டச் செலவு ஏறக்குறைய ஆறு மடங்காகும் என்று அங்கே மதிப்பிட்டார்கள்.

ஆகவே, வியாசர்பாடி பணிமனையிலிருந்து 2025 ஜூன் மாதம் ஓடத் தொடங்கிய 120 மின்சாரப் பேருந்துகளைப் போன்றவை தண்டையார்பேட்டைக்கும் எண்ணூருக்கும் பெருகவேண்டும் என்று கேட்பதே உங்களுக்கு விரைவில் பலன் தரும். ஹைட்ரஜனைச் சோதிக்கத்தான் வேண்டுமென்றால், துறைமுகங்களுக்கு வரிசைகட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளில் சோதிக்கட்டும். அதிக பாரத்துடன் நெடுந்தூரம் ஓடும் வண்டிக்கு, சில நிமிடங்களில் நிரப்பிவிட முடியும் என்பது உண்மையான அனுகூலம். எண்ணூர் நெடுஞ்சாலைப் புகையில் அவற்றின் பங்கும் சிறியதல்ல. எந்தச் சோதனையானாலும், எரிபொருள் வந்த இடம், கிலோமீட்டருக்கு ஆன செலவு, வண்டி பழுதாகி நின்ற நாட்கள் ஆகிய மூன்றையும் மக்கள் முன் வைக்கவேண்டும்.

கேள்வி: கசிந்தால் வெடித்துவிடாதா?
– ஒரு வாசகி, திருவொற்றியூர்

பதில்: ஹைட்ரஜன் காற்றைவிட ஏறத்தாழ 14 மடங்கு லேசானது என்பதால், திறந்த சாலையில் கசிந்தால் சட்டென மேலெழுந்து கலைந்துவிடும். கவலைப்படவேண்டிய இடம், கூரை போட்ட பணிமனை. காற்றில் 4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும் அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. அதன் சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரிவதும் அரிது. எனவே கூரையின் உச்சியில் காற்றுப்போக்கிகளும் கசிவைக் கண்டறியும் கருவிகளும் பொருத்தி, மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி கொடுத்து முடிக்கும்வரை ஒரு வண்டியைக்கூட உள்ளே நிறுத்தக்கூடாது.