எல்லாரிடமும் ஒட்டிக்கொள்ளும் நாய், நோயாளிகளிடம் போகலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் நான்கு வயது லாப்ரடார் கலப்புப் பெண் நாய் இருக்கிறது. யாரைப் பார்த்தாலும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடுவாள். குழந்தைகள் காதைப் பிடித்து இழுத்தாலும் கோபப்பட மாட்டாள். முதியோர் இல்லத்துக்கும் மருத்துவமனைக்கும் அவளைத் தன்னார்வமாக அழைத்துப்போக ஆசை. வருகிறவர்கள்மேல் தாவும் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. வாரம் ஒருமுறை பச்சை எலும்பு கொடுக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது? தேர்வில் என்ன பார்ப்பார்கள்?

பதில்: வயது பொருத்தமாகவே இருக்கிறது. நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் ஆறுதல் தரப் போகும் நாயைத் தெரபி நாய் என்பார்கள். அவற்றைப் பதிவு செய்யும் பல அமைப்புகள், நாய்க்கு ஒரு வயதாவது ஆகியிருக்க வேண்டும், உங்களோடு ஆறு மாதமாவது வாழ்ந்திருக்க வேண்டும் என்று கேட்கின்றன. தாவுவதைப் பயிற்சியில் மாற்றிவிடலாம். பச்சை எலும்பை இன்றே நிறுத்துங்கள். காரணம் பின்னால் வருகிறது. இவற்றுக்கெல்லாம் முன்பு பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்நியர் தொடுவதை அவள் உண்மையிலேயே விரும்புகிறாளா, அல்லது ஆட்களைப் பார்த்ததும் பரபரப்பாகிறாளா? காது இழுபடும்போது கோபப்படாமல் இருப்பது நல்ல குணம்தான். ஆனால் பொறுத்துக்கொள்வது வேறு, விரும்புவது வேறு. பொறுத்துக்கொள்ளும் நாய் முதல் பத்து நிமிடம் அருமையாக நடந்துகொள்ளும். இருபதாவது நிமிடத்தில் அதன் பொறுமை தீர்ந்துவிடும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். அவளுக்கு அதிகம் பழக்கமில்லாத ஒருவரை நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள். அவர் ஐந்து விநாடி தடவிக்கொடுத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொள்ளட்டும். நீங்கள் எதுவும் சொல்லாமல் பாருங்கள். நெருங்கி வந்து சாய்ந்தால், மூக்கால் கையைத் தள்ளி இன்னும் கேட்டால், அவளுக்குப் பிடித்திருக்கிறது. உடம்பை உதறிக்கொண்டு நகர்ந்தால், உங்கள் பக்கம் திரும்பினால், போதும் என்கிறாள். முதியவர், தாடி வைத்தவர், தொப்பி போட்டவர், தடி ஊன்றியவர் என ஆள் மாற்றி மாற்றிப் பல நாள் பாருங்கள். பெரும்பாலும் நகர்ந்துபோகிறாள் என்றால் இந்த வேலை அவளுக்கு வேண்டாம். அதில் அவளுக்கு எந்தக் குறைவும் இல்லை. வீட்டு நாயாக நன்றாக இருப்பாள்.

சட்ட நிலையையும் தெளிவாக்கிவிடுவோம். பார்வையற்றவருக்கு வழிகாட்டுவது போல, உடல்குறை உள்ள ஒருவருக்கென்றே பயிற்சி பெற்ற சேவை நாய் வேறு. தெரபி நாய் என்பது பிறருக்கு ஆறுதல் தரப் போகும் வீட்டு நாய். சேவை நாய்க்குப் பல நாடுகளில் சட்டம் தரும் நுழைவு உரிமை இதற்குக் கிடையாது. அழைத்த இடத்துக்கு, அழைத்த நேரத்துக்கு மட்டுமே போக முடியும். இணையத்தில் வாங்கிய மேலங்கியும் அடையாள அட்டையும் எந்தக் கதவையும் திறக்காது.

இனி தாவல். நாய் தாவும்போது நாம் அதைப் பார்க்கிறோம், கையால் தள்ளுகிறோம், அதட்டுகிறோம். மூன்றும் அதற்குக் கவனிப்புதான். வீட்டில் நான்கு பேர் தடுத்தாலும் ஐந்தாவது ஆள் கொஞ்சினால் பழக்கம் இன்னும் இறுகும், ஏனென்றால் எப்போதாவது கிடைக்கும் பரிசுக்காகத்தான் நாய் அதிகம் முயலும். லீஷை, அதாவது நாயைப் பிடிக்கும் கயிற்றை, தரையில் விட்டு அதன்மேல் காலை வையுங்கள். அவள் வசதியாக நிற்கும் அளவுக்குத் தளர்வு வேண்டும், தாவும் அளவுக்கு வேண்டாம். வருகிறவர் மெதுவாக நெருங்கட்டும். நான்கு பாதமும் தரையில் இருக்கும்வரை தின்பண்டத் துணுக்கை அவள் மார்பு உயரத்தில், தாழ்வாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். உயரத்தில் நீட்டினால் நீங்களே அவளை எழும்ப வைக்கிறீர்கள். பாதம் எழுந்த நொடியில் வந்தவர் பேசாமல் திரும்பிப் போய்விட வேண்டும். ஐந்து நிமிடம், எட்டுப் பத்து முறை, நாளுக்கு இருவேளை போதும். வாசல்மணி அடித்து விருந்தினர் நுழையும் பரபரப்பான நேரத்தில் தொடங்காதீர்கள். அது கடைசிப் பாடம்.

இதில் இவ்வளவு கறார் ஏன் என்றால், முதியவர்களின் தோல் மெல்லியது. நகம் லேசாகப் பட்டாலே கிழியும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சின்னக் கீறலும் நிற்காமல் கசியும். அதனால் ‘கை கொடு’ என்ற வித்தையையும் இப்போதே ஓரங்கட்டுங்கள். எல்லாரும் ரசிப்பார்கள் என்று கற்றுக்கொடுத்திருப்பீர்கள். ஆனால் பாசம் காட்ட முன்காலைத் தூக்கிப் போடும் நாய்தான் நோயாளியின் முழங்கையைக் கீறும். அதற்குப் பதிலாக, நீட்டிய உள்ளங்கையில் மோவாயை வைக்கப் பழக்குங்கள். பார்க்கவும் அழகு, யாருக்கும் காயமில்லை.

அடுத்து ‘விடு’. நோயாளி அறையில் தரையில் கிடப்பது பிஸ்கட் துண்டாக இருக்கலாம், மாத்திரையாகவும் இருக்கலாம். மூடிய கைக்குள் தின்பண்டம் வைத்துத் தொடங்குங்கள்; மூக்கை விலக்கிக்கொண்டதும் மறுகையிலிருந்து வேறொன்றைக் கொடுங்கள். பிறகு திறந்த உள்ளங்கை, பிறகு தரை, பிறகு அதைக் கடந்து நடப்பது. விடச் சொன்ன பொருளையே பரிசாகக் கொடுக்காதீர்கள். கொடுத்தால், கொஞ்சம் காத்திருந்தால் அது கிடைக்கும் என்றுதான் அவள் கற்றுக்கொள்வாள்.

சக்கர நாற்காலி, வாக்கர், ஊன்றுகோல், சலைன் ஸ்டாண்டு, லிஃப்ட், வழுக்கும் தரை எல்லாவற்றுக்கும் பழக்க வேண்டும். பொருள் முதலில் அசையாமல் நிற்கட்டும். அவள் பார்த்தும் தளர்வாக இருக்கும் தூரத்தில் நின்று தின்பண்டம் கொடுங்கள். பிறகு பொருள் அவளிடமிருந்து விலகிப் போகட்டும், அதன்பின் குறுக்கே, கடைசியாகத்தான் அவளை நோக்கி. பலர் சறுக்குவது இங்கேதான்: தின்பண்டத்தைச் சக்கர நாற்காலியின் மேலேயே வைத்து நாயை வரவழைக்கிறார்கள். பின்னங்காலைப் பின்னாலேயே ஊன்றிக்கொண்டு கழுத்தை மட்டும் நீட்டி எடுக்கிற நாய் பழகிவிடவில்லை. பசி பயத்தை ஒரு கணம் வென்றிருக்கிறது, அவ்வளவுதான். வழுக்கும் தரைக்கு நகத்தோடு பாதத் திண்டுகளுக்கு இடையே வளர்ந்த முடியையும் வெட்டிவிடுங்கள். வெட்டிய நகம் கூராக இருக்கும், ராவிவிடுங்கள்.

தேர்வு அமைப்புக்கு அமைப்பு மாறும். அமெரிக்கன் கென்னல் கிளப் 1989-இல் தொடங்கிய ‘கேனைன் குட் சிட்டிசன்’ தேர்வு பலருக்கு முதல் படி. அதில் 10 பகுதிகள்: அந்நியர் வந்து பேசுவது, தடவ விடுவது, காதையும் முன்பாதத்தையும் பரிசோதிக்க விடுவது, லீஷ் தளர நடப்பது, கூட்டத்துக்குள் நடப்பது, உட்காருவதும் படுப்பதும் சொன்ன இடத்தில் இருப்பதும், கூப்பிட்டால் வருவது, இன்னொரு நாயைக் கண்டும் அமைதி, திடீர்ச் சத்தம், நீங்கள் விலகிப்போய் மூன்று நிமிடம் வேறொருவரோடு இருப்பது. தேர்வு நடக்கும்போது தின்பண்டம் கூடாது. தெரபி நாய்த் தேர்வு இதற்கும் மேலே போகும். முரட்டுத்தனமாகத் தடவுவார்கள், இறுகக் கட்டிப்பிடிப்பார்கள், தள்ளாடி நடந்து வருவார்கள், பக்கத்தில் இருவர் கத்திச் சண்டை போடுவார்கள், பின்னாலிருந்து இடிப்பார்கள், பலர் ஒரே நேரத்தில் சூழ்ந்து தொடுவார்கள். சத்தம் கேட்டு நாய் திடுக்கிட்டால் அதற்காகவே தோல்வி ஆகிவிடாது. எவ்வளவு சீக்கிரம் நிதானத்துக்குத் திரும்புகிறது என்பதைத்தான் பார்க்கிறார்கள். உறுமினாலோ கடிக்கப் பாய்ந்தாலோ அன்றே முடிந்தது.

மதிப்பீட்டாளர் நாயைப் பார்க்கும் அளவுக்கு உங்களையும் பார்ப்பார். பதிவாவது நீங்கள் இருவரும் சேர்ந்த ஜோடி. உங்கள் நாயோடு உங்கள் தம்பி போக முடியாது, அவர் தனியாகத் தேர்வெழுத வேண்டும். நீங்கள் பதற்றத்தில் லீஷை இறுக்கினால் அவளும் இறுகுவாள். அவளிடம் பேசிக்கொண்டே இருங்கள், எதிரில் இருக்கும் மனிதரையும் மறக்காதீர்கள். இரண்டையும் சேர்த்துச் செய்யப் பழகவே பலருக்கு மாதங்கள் ஆகும். உட்கார், படு, வா தெரிந்த நாய்க்கு மூன்றிலிருந்து ஆறு மாதத் தயாரிப்பு நியாயமான கணக்கு. தெரபி விலங்குகளைப் பதிவு செய்யும் அமெரிக்க அமைப்பான பெட் பார்ட்னர்ஸில் இரண்டாண்டுக்கு ஒருமுறை மறுபடி தேர்வு உண்டு.

பச்சை எலும்புக்கு வருவோம். வேகாத இறைச்சி தின்னும் நாய், தான் எந்த நோயும் காட்டாமலேயே சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் கிருமிகளை மலத்தில் வெளியேற்றலாம். அது முடியிலும் வாயிலும் ஒட்டிக்கொண்டு, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவரின் கைக்குப் போகும். மருத்துவமனைத் தொற்றுக் கட்டுப்பாட்டு நிபுணர்களின் அமெரிக்கச் சங்கமான ஷியா 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கடந்த 90 நாளில் விலங்குணவை வேகாமல் தின்ற நாயை அனுமதிக்க வேண்டாம் என்கிறது. வெயிலில் காய்ந்த பன்றிக் காது, குளிரில் உலர்த்திய இறைச்சி எல்லாம் இதில் சேரும். உலர்த்துவதால் கிருமி சாகாது. பதிலுக்கு எலும்பை வேகவைத்தும் கொடுத்துவிடாதீர்கள், வெந்த எலும்பு கூர்கூராக உடைந்து குடலைக் குத்தும். கடிக்க ரப்பர் பொம்மை போதும்.

கால்நடை மருத்துவரிடம் ரேபிஸ் உள்ளிட்ட தடுப்பூசிச் சான்று, மலப் பரிசோதனை, குடற்புழு நீக்கம், உண்ணி, தெள்ளுப்பூச்சித் தடுப்பு ஆகியவற்றை எழுத்தில் வாங்கி வையுங்கள். போவதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் குளிப்பாட்டி, உதிரும் முடியை வாரி எடுங்கள். வயிற்றுப்போக்கு, வாந்தி, தோல் புண், காதுத் தொற்று, இனச்சேர்க்கைச் சூட்டில் இருக்கும் நாட்கள் என்றால் போக வேண்டாம். உங்களுக்குச் சளி இருந்தாலும் அப்படியே.

அங்கே ஒவ்வொருவரும் அவளைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் கை சுத்தம் செய்ய வேண்டும். ஆல்கஹால் கரைசல் பெரும்பாலும் போதும். ஆனால் க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற குடல்கிருமியின் ஸ்போர்களை, அதாவது அது கெட்டியான உறைக்குள் உறங்கும் வடிவத்தை, ஆல்கஹால் கொல்லாது. அது பரவியிருக்கும் பகுதிக்கே நாய் போகக் கூடாது. தவறிப் போய்விட்டால் சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். நக்குவதற்கு அனுமதி இல்லை. படுக்கையில் ஏற்றச் சொன்னால் அந்த நோயாளிக்கென்று புதிதாக விரித்த துணிமேல் மட்டும்.

முதல் தடவை நாயில்லாமல் நீங்கள் மட்டும் போய்ப் பாருங்கள். எந்த வழியாக நுழைவது, எங்கே வெளிக்குப் போக விடுவது, பிரச்சினை என்றால் யாரிடம் சொல்வது என்று தெரிந்துகொள்ளுங்கள். நாயோடு முதல் சில வருகை 15, 20 நிமிடம் போதும். பெட் பார்ட்னர்ஸ் ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது. ஷியா ஒரு மணி நேரத்தோடு நிறுத்தச் சொல்கிறது. ஊழியரிடம் ஒரு அனுமதி, நோயாளியிடம் ஒரு அனுமதி. ‘நாயைப் பார்க்க விருப்பமா?’ என்று வாசலில் நின்றே கேளுங்கள். வேண்டாம் என்றால் நன்றி சொல்லி நகருங்கள், வற்புறுத்தல் வேண்டாம். நேர் எதிரே நிறுத்தாமல் நாற்காலிக்கு இணையாக, கை எட்டும் பக்கமாக நிறுத்துங்கள். லீஷ் எப்போதும் உங்கள் கையில். மறதி நோய் உள்ளவர் முடியை இறுகப் பற்றிக்கொண்டால் நாயை இழுக்காதீர்கள். நெருங்கிப் போய் உங்கள் கையை அவர் கைமேல் வைத்து, புறங்கையை மெல்ல வருடி விரல்களைத் தளர்த்துங்கள். யாரைப் பார்த்தீர்கள், அவருக்கு என்ன நோய் என்று வெளியே பேசக் கூடாது. படம் எடுக்க எழுத்து மூலம் சம்மதம் வேண்டும்.

உங்கள் முக்கிய வேலை அவளைப் படிப்பது. பசியில்லாமல் உதட்டை நக்குவது, தூக்கமில்லாமல் கொட்டாவி, முகத்தைத் திருப்புவது, வெள்ளை விழி தெரிய ஓரமாகப் பார்ப்பது, முன்காலை மடித்துத் தூக்குவது, திடீரென்று பொடுகு உதிர்வது, தரையில் ஈரப் பாதத் தடம், வாயோரம் பின்னால் இழுபட்ட மூச்சிரைப்பு, உங்கள் பின்னால் ஒளிவது, பிடித்த தின்பண்டத்தையே மறுப்பது. ஒன்று தனியாக வந்தால் பெரிதல்ல. இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் அவள் சிரமப்படுகிறாள். உடனே இரண்டடி விலகுங்கள், தண்ணீர் கொடுங்கள், மறுபடி வந்தால் விடைபெற்றுவிடுங்கள். ‘இன்னும் ஒரே ஒருவர், பாவம் காத்திருக்கிறார்’ என்று நீட்டும் இடத்தில்தான் விபத்து நடக்கிறது. உறுமியதற்காகத் திட்டவும் கூடாது. உறுமலை அடக்கிய நாய் அடுத்த முறை எச்சரிக்காமல் கடிக்கும். வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்குவது இயல்பு. மறுநாளும் சாப்பிடாமல் இருந்தாலோ, அடுத்த முறை ஹார்னெஸை (மார்புப் பட்டையை) எடுத்ததும் கட்டிலுக்கடியில் போனாலோ சில வாரம் நிறுத்திவிட்டுப் பிறகு யோசியுங்கள்.

சின்னக் கீறலோ கடியோ நேர்ந்தால் அந்த நொடியே வருகையை நிறுத்தி, ஊழியரிடம் சொல்லி, எழுத்தில் பதிவு செய்து, உங்கள் அமைப்புக்குத் தெரிவியுங்கள். அமைப்பின் பொறுப்புக் காப்பீடு பெரும்பாலும் பதிவான நாயோடு, சம்பளமில்லாமல், விதிப்படி நடந்த வருகைக்கு மட்டுமே பொருந்தும். மறைத்துவிட்டால் அதுவும் கைநழுவும். பக்கத்தில் அமைப்பே இல்லையென்றால், நிறுவனத்திடமே எழுத்தில் விதிகளைக் கேட்டு வாங்கி, நடத்தை அறிந்த பயிற்சியாளரின் மதிப்பீடும் மருத்துவச் சான்றும் காட்டிப் போங்கள்.

உங்கள் லாப்ரடாரின் துள்ளல் பயிற்சிக்குப் பிறகும் முதியோர் இல்லத்துக்கு அதிகம் என்று தெரிந்தால் வேறு இடங்கள் உண்டு. 1999-இல் யூட்டாவில் இன்டர்மவுன்டன் தெரபி அனிமல்ஸ் தொடங்கிய ‘ரீட்’ திட்டத்தில், குழந்தைகள் நாய்க்குப் புத்தகம் வாசித்துக் காட்டுகிறார்கள். படுத்துக் கேட்க வேண்டியதுதான் நாயின் வேலை. தேர்வு நாட்களில் மாணவர்களைப் பார்க்கப் போகும் நாய்களும் இருக்கின்றன. கொஞ்சம் துள்ளினாலும் அங்கே தாங்கும். இரண்டு வகையையும் நாயில்லாமல் நேரில் பார்த்துவிட்டு, எங்கே அவள் தளர்வாக இருப்பாள் என்று தோன்றுகிறதோ அதற்கு விண்ணப்பியுங்கள்.