எத்தியோப்பியா: ஏட்டில் கூட்டாட்சி, நடப்பில் ஒரே கட்சி

வணக்கம். பிரிந்துபோகும் உரிமையையே 39ஆம் பிரிவில் தந்திருக்கும் எத்தியோப்பியாவின் 1995ஆம் ஆண்டு அரசியலமைப்பு, நடைமுறையில் அதிகாரத்தைத் தலைநகர் அடிஸ் அபாபாவில் குவியவிட்டது ஏன் என்பதை ஆய்வேட்டில் விளக்க முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சட்டப் பிரிவுகளை விட்டுவிட்டுக் கட்சியைப் பாருங்கள்.

1991இல் ஆட்சியைப் பிடித்த எத்தியோப்பிய மக்கள் புரட்சிகர ஜனநாயக முன்னணி, நான்கு இனவாரிக் கட்சிகளின் கூட்டணியாக இருந்தபோதிலும், மேலிடத்தின் முடிவைக் கீழுள்ளோர் மறுபேச்சின்றி நிறைவேற்ற வேண்டும் என்ற மரபில் வளர்ந்தது. மாநிலங்களை ஆண்டவர்களும் அதே முன்னணியினரோ அதன் தோழமைக் கட்சியினரோ என்பதால், தன்னாட்சி பெயரளவில் நின்றது. அரசியலமைப்புக்குப் பொருள்கூறும் இறுதி அதிகாரமும் நீதிமன்றத்திடம் இல்லை. அது நாடாளுமன்றத்தின் மேலவையான கூட்டாட்சி அவையிடம் இருக்கிறது. அங்கும் முன்னணியே கோலோச்சியது.

தெற்கு எத்தியோப்பியாவின் சிடாமா இன மக்களின் அனுபவத்தை விரிவாக எழுதுங்கள் என்பேன். தனி மாநிலக் கோரிக்கை வந்த ஓராண்டுக்குள் பொதுவாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்கிறது 47ஆம் பிரிவு. அவர்களது கோரிக்கை 2018 ஜூலையில் முறைப்படி எழுந்தது. கெடு தாண்டியது, கிளர்ச்சியில் உயிர்கள் பலியாயின, 2019 நவம்பரில்தான் வாக்கெடுப்பு நடந்தது. கட்சியின் பிடி தளர்ந்த பிறகே அந்தப் பிரிவுக்கு உயிர் வந்தது என்பது கவனிக்கத்தக்கது.

இன அடையாளமே வடக்கு மாநிலமான திக்ரேயில் நடந்த போருக்கு வேர் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பூசல்களைத் தீர்த்துவந்த இடம் அவைகள் அல்ல, கட்சியின் உள்ளறை. 2019இல் கூட்டணி கலைக்கப்பட்டு, புதிய கட்சியில் சேர அந்த நான்கு கட்சிகளில் ஒன்றான திக்ரே மக்கள் விடுதலை முன்னணி மறுத்தபோது அந்த அறையும் இல்லாமற்போனது. மறுஆண்டு நவம்பரில் போர் மூண்டது.