பழைய கொலை வழக்குகளை நூலாக வாசித்தல்: கேள்வி பதில்

பதிலளிப்பவர் மட்டக்களப்பில் நீதிமன்ற உரைபெயர்ப்பாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர்.

கல்லடி வாசகி: ஐயா, துப்பறியும் நாவல்களை மட்டுமே வாசித்து வந்த நான், உண்மை வழக்குகளில் எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: சதாசிவம் வழக்கிலிருந்து தொடங்குங்கள், மகள். 1951 ஒக்டோபர் 9ஆம் திகதி, கிரிக்கெட் வீரர் மகாதேவ சதாசிவத்தின் மனைவி பம்பலப்பிட்டியிலிருந்த வீட்டில் கொலையுண்டார். வேலைக்கிருந்த இளைஞர் வில்லியம் மன்னிப்புப் பெற்று அரச தரப்புச் சாட்சியாக, கணவர் எதிரிக்கூண்டில் நின்றார். சட்டமருத்துவப் பேராசிரியர் ரவீந்திர பெர்னாண்டோ இவ்வழக்கை ஆங்கிலத்தில் நூலாக எழுதியுள்ளார்.

களுவாஞ்சிக்குடி வாசகர்: முடிவு முன்பே தெரிந்த வழக்கில் என்ன சுவை இருக்கிறது?

பதில்: முடிவை எட்டிய வழியில்தான் சுவை இருக்கிறது. படுக்கையறையில் வைத்தே கொலை நடந்தது என்பது வில்லியத்தின் சாட்சியம். ஆனால் இறந்தவரின் உள்ளங்கால்களில் ஒட்டியிருந்த அழுக்கு சமையலறைத் தரையைச் சுட்டியது. கொல்வின் ஆர். டி சில்வா எதிரிக்காக வாதாட, எடின்பரோவிலிருந்து சட்டமருத்துவ நிபுணர் சேர் சிட்னி சிமித் வந்து சாட்சியமளித்தார். உடல் எவ்வளவு ஆறியிருந்தது என்பதைக் கொண்டு இறந்த நேரத்தைக் கணிக்க முயன்ற பேராசிரியர் டி சேரத்தின் சாட்சியத்தை நான் பென்சிலால் கோடிட்டு மூன்று தடவை வாசித்திருக்கிறேன். கணவர் வீட்டைவிட்டுப் புறப்பட்ட நேரத்தோடு அதை ஒப்பிடும்போது ஒவ்வொரு நிமிடமும் கனக்கிறது. 57 நாள் விசாரணைக்குப் பின், 1953 ஜூன் 25இல் ஜூரிகள் ஏகமனதாக அவரை விடுவித்தனர்.

கல்முனை வாசகர்: தமிழக வழக்குகளில் எதைச் சொல்வீர்கள்?

பதில்: 1952இல் சென்னை வியாபாரி ஆளவந்தார் கொல்லப்பட்ட வழக்கு. இலங்கைப் பயணிகள் ஏறிவந்த அதே போட்மெயில் ரயிலில், மானாமதுரையில், தலையற்ற உடலோடு ஒரு டிரங்குப் பெட்டி கண்டெடுக்கப்பட்டது.

அக்கரைப்பற்று வாசகி: நீதி கிடைக்காத மரணங்கள் நம் பகுதியில் எத்தனையோ வீடுகளில் இருக்க, இவற்றை விரும்பி வாசிப்பது தகுமா?

பதில்: இக்கேள்வி என்னையும் நெடுநாள் வாட்டியது. கொலையாளியை நாயகனாக்கி, கொல்லப்பட்டவரை முதல் அத்தியாயத்தோடு மறந்துவிடும் நூலை நான் மூடிவைத்துவிடுவேன். ஒரு மனுசியின் பாதத்து அழுக்கைக்கூட விடாமல் மன்றில் வைத்து ஆராய்ந்தார்கள் என்பதை வாசிக்கும்போது, அத்தகைய விசாரணை ஒருநாளும் வாய்க்காத நம் அயல்வீடுகளே என் நினைவுக்கு வருகின்றன. அவ்வளவு ஆராய்ந்தும், நான்கு பெண்பிள்ளைகளின் தாயான அவரைக் கொன்றதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.