செக்கப்பும் வேணாம்ங்கிறார், வென்டிலேட்டர் பத்தியும் பேச விடல: 78 வயசு அப்பா

ரெண்டையும் ஒரே பேச்சுல எடுக்காதீங்க, அங்கதான் சிக்குது. "செக்கப்புக்கு வாங்க, அப்படியே வென்டிலேட்டர் வேணுமான்னும் எழுதிடலாம்"னா, நம்மள முடிச்சுக்கட்டப் பாக்குறாங்கன்னுதான் அவர் காதுல விழும்.

"இனிமே டெஸ்ட் எதுக்கு"ங்கிறது பெரும்பாலும் பிடிவாதம் இல்ல, எதையாவது கண்டுபிடிச்சு அட்மிட் பண்ணிடுவாங்க, பிள்ளைங்களுக்குப் பாரமாயிடுவோம்ங்கிற பயம். அதுல பாதி நியாயமும் இருக்கு, குடல் கேன்சர் ஸ்கிரீனிங் மாதிரி சிலது பலன் தர வருஷக்கணக்காகும். ஆனா பிபி, கண்ணு, காது, ஃப்ளூ ஊசி இதெல்லாம் வேற கணக்கு, தன் வேலைய தானே செஞ்சுக்கிறதுக்குன்னு சொல்லிப் பாருங்க.

இன்னொரு நாள் இத மட்டும் கேளுங்க: "உங்களால பேச முடியாம போனா டாக்டர்கிட்ட உங்களுக்காக யார் பேசணும்?" மெஷின் பேச்சே வேணாம். பேர் சொல்லிட்டார்னா மீதி மெதுவா வரும், எங்க மாமனாருக்கு மூணு மாசம் ஆச்சு, அதுவும் டிவி பாத்துட்டே சொன்னார்.

சிபிஆர் (இதயம் நின்னா நெஞ்ச அமுக்கி ஓட வைக்கப் பாக்குறது) வேணாம்னு எழுதினா வைத்தியமே நின்னுடும்னு பயந்தார்னா, அப்படி இல்லன்னு சொல்லுங்க, இதயம் நின்னா நெஞ்ச அமுக்க மாட்டாங்க, மத்த ட்ரீட்மென்ட் நடக்கும். இப்படி எழுதி வைக்கிறதுக்கான சட்டம் மட்டும் நாட்டுக்கு நாடு மாறும்.

ஒண்ணு கவனிங்க, இந்த "போதும்" திடீர்னு வந்து, தூக்கமும் சாப்பாடும் குறைஞ்சிருந்தா அது டிப்ரஷனா இருக்கலாம், மொதல்ல அத டாக்டர்கிட்ட காட்டுங்க.