கென்னடி கடிதமும் ஜாக்சன் பட்டாவும்: பேனாவைப் பிடித்தது யார்?

கேள்வி: அமெரிக்க வரலாற்றில் எனக்கு நெடுநாள் ஆர்வம். எங்கள் பக்கத்து ஊரில் காலமான ஒருவரின் வீட்டுப் பொருள்கள் எஸ்டேட் சேலுக்கு வந்திருக்கின்றன. அதில் இரண்டு பொருள்கள் கண்ணில் பட்டன. ஒன்று, ஜான் எஃப். கென்னடி செனட்டராக இருந்தபோது 1959-இல் ஒரு வாக்காளருக்கு அனுப்பிய தட்டச்சுக் கடிதம், கையெழுத்துடன், 900 டாலர். மற்றொன்று, ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் பெயரில் 1835-இல் வழங்கப்பட்ட நிலப் பட்டா, தோலில் எழுதியது, 400 டாலர். இரண்டுக்கும் உறுதிச் சான்றிதழ் தருகிறார்கள். வாங்கலாமா? வாங்கினால் எப்படிப் பாதுகாப்பது? சேகரிப்பை மேலும் வளர்க்க என்ன வழி?
– வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: பட்டாவை 400 டாலருக்கு வாங்க வேண்டாம். கென்னடி கடிதத்துக்கு இப்போதே பணம் கொடுக்க வேண்டாம். இரண்டும் அந்தக் காலத்துக் காகிதங்களாகவே இருக்கலாம். ஆனால் கையெழுத்துச் சேகரிப்பில் தாள் உண்மையானதா என்பது பாதிக் கேள்விதான். பேனாவைப் பிடித்தது யார் என்பது மீதிப் பாதி. விலையைத் தீர்மானிப்பது அந்த மீதிப் பாதி.

பட்டாவை எளிதில் முடித்துவிடலாம். அரசு நிலத்தை வாங்கியவர்களுக்குக் கொடுத்த பட்டாக்களில் ஆரம்பத்தில் ஜனாதிபதிகளே கையொப்பமிட்டார்கள். மேற்கே குடியேற்றம் பெருகியதும் பட்டாக்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. அதனால் ஜனாதிபதியின் பெயரில் ஒரு செயலாளரே கையொப்பமிடலாம் என்று 1833 மார்ச் 2-இல் சட்டம் வந்தது. ஆகவே உங்கள் 1835 பட்டாவில் 'ஆண்ட்ரூ ஜாக்சன்' என்ற பெயரை எழுதியது ஜாக்சன் அல்ல. அந்தப் பெயருக்குக் கீழேயே பாருங்கள், 'பை' (இன்னாரால்) என்ற ஆங்கிலச் சொல்லுடன் இன்னொரு பெயர் இருக்கும். பக்கத்தில் செயலாளர் என்று குறித்திருக்கும். ஜாக்சன் காலத்துப் பட்டாக்களில் அது பெரும்பாலும் அவருடைய மனைவியின் சகோதரர் மகன் ஏ. ஜே. டொனல்சன். விற்பவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டியதில்லை. பலருக்கும் இந்தச் சட்டம் தெரியாது.

இது போலி அல்ல, அசல் அரசு ஆவணம்தான். ஓர் எல்லைப்புறக் குடும்பம் தன் நிலத்துக்குப் பெற்ற பத்திரம் என்ற வகையில் அழகான பொருள். அப்படி நினைத்து, நூறு டாலரை ஒட்டிய விலைக்குக் கிடைத்தால் வாங்குங்கள். ஜாக்சனே கையொப்பமிட்டது வேண்டுமானால் அவர் பதவியேற்ற 1829 மார்ச்சுக்கும் 1833 மார்ச்சுக்கும் இடைப்பட்ட பட்டாவைத் தேடுங்கள். அவருக்கு முந்தைய ஜனாதிபதிகள் ஜான் குவின்சி ஆடம்ஸ், ஜேம்ஸ் மன்றோ ஆகியோர் கையொப்பமிட்ட பட்டாக்களும் சந்தைக்கு வருவதுண்டு. பழைய ஜனாதிபதிகளின் அசல் கையெழுத்துக்கு ஓரளவு எட்டும் விலையில் இருக்கும் சில வழிகளில் இது ஒன்று. வாங்குமுன் கூட்டாட்சி நில நிர்வாகத் துறையின் இணையப் பதிவேட்டில் நிலம் பெற்றவரின் பெயரைத் தேடிப் பாருங்கள். பட்டா எண்ணும் நிலத்தின் விவரமும் பொருந்த வேண்டும். அங்கே தெரிவது அலுவலகப் பேரேட்டில் எழுதிவைத்த நகல். அதில் உள்ள கையெழுத்தை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கென்னடி விஷயம் கடினம். இருபதாம் நூற்றாண்டு ஜனாதிபதிகளில் கையெழுத்தை உறுதிசெய்ய இவரைப் போலத் தொல்லை தருபவர் குறைவு. அதற்கு மூன்று காரணங்கள். அவர் கையெழுத்தே நாளுக்கு நாள் மாறும்; ஒரே வாரத்தில் போட்ட இரண்டு கையெழுத்துகள் இருவேறு ஆட்கள் போட்டவை போலத் தெரியும். அவருடைய செயலாளர் ஈவ்லின் லிங்கனும் அலுவலக உதவியாளர்களும் அவர் பெயரைப் போட்டு ஏராளமான கடிதங்களை அனுப்பினார்கள். போதாததற்கு ஆட்டோபென் என்ற கையெழுத்து இயந்திரமும் இருந்தது. வாக்காளருக்குப் போன சாதாரணப் பதில் கடிதத்தில் செனட்டரே உட்கார்ந்து கையொப்பமிட்டிருப்பார் என்று முதலிலேயே எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய நண்பருக்கோ கட்சிப் பிரமுகருக்கோ எழுதியது, பேனாவால் திருத்தியது, ஓரத்தில் ஒரு வரி சேர்த்தது என்றால் நம்பிக்கை கூடும்.

ஆட்டோபென்னை நீங்களே சோதிக்கலாம். வார்ப்பாகச் செய்துவைத்த ஒரு கையெழுத்தின் தடத்தைப் பின்பற்றி இயந்திரக் கை பேனாவை நகர்த்துகிறது. அதனால் ஒரே வார்ப்பில் வந்தவை ஒன்றன்மேல் ஒன்று அப்படியே பொருந்தும். மனிதர் யாரும் இரண்டு முறை அச்சாக ஒரே மாதிரி கையொப்பமிடுவதில்லை. கடிதத்தை நேரான வெளிச்சத்தில் படமெடுத்து, அசல் அளவிலேயே ஒளி ஊடுருவும் தாளில் அச்சிடுங்கள். சேகரிப்பாளர்கள் தொகுத்துவைத்திருக்கும் கென்னடி ஆட்டோபென் மாதிரிகளின் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். ஒன்றோடு பொருந்தினால் விஷயம் முடிந்தது. எதோடும் பொருந்தாவிட்டால் அசல் என்று ஆகிவிடாது. அவருக்குப் பல வார்ப்புகள் இருந்தன, செயலாளர் கையும் மிச்சம் இருக்கிறது. அதோடு பத்து மடங்கு லென்ஸில் கோட்டைப் பாருங்கள். இயந்திரக் கோடு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தடிமனில் ஓடும். பேனா இறங்கிய இடத்திலும் நின்ற இடத்திலும் மைப்புள்ளி தங்கும். நேராக ஓட வேண்டிய கோட்டில் மெல்லிய நடுக்கம் தெரியும். மனிதக் கையில் அழுத்தம் ஏறி இறங்கும், கடைசி இழுப்பு மெலிந்து காற்றில் போகும்.

செயலாளர் கையைப் பிடிப்பதுதான் உண்மையில் சிரமம். அது மனிதக் கை, சரளமாக ஓடும். லென்ஸோ மேல்வைத்துப் பார்ப்பதோ அங்கே உதவாது. 1958 முதல் 1960 வரையிலான, நிச்சயமாக அவரே போட்ட கையெழுத்துகளையும் தெரிந்த செயலாளர் மாதிரிகளையும் அருகருகே வைத்து, எழுத்து எழுத்தாகப் பார்க்க வேண்டும். அதற்குப் பழகிய கண் தேவை. கையெழுத்துச் சரிபார்ப்பு நிறுவனங்களில் சில, படத்தைப் பார்த்துச் சிறு கட்டணத்தில் முதற்கருத்து சொல்கின்றன. விற்பனை நாளுக்கு முன்பே கடிதத்தைப் படமெடுக்க அனுமதி கேட்டு, அந்தக் கருத்தை வாங்கிவிடுங்கள். எஸ்டேட் சேலில் பெரும்பாலும் விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டார்கள். 'அசல் அல்ல என்று தெரிந்தால் முழுப் பணமும் திரும்ப' என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் 900 டாலர் பேச்சுக்கே இடமில்லை. சான்றிதழும் அப்படித்தான். அதை அச்சிட யாராலும் முடியும். கொடுத்தவர் யார், பத்து வருடம் கழித்தும் பணத்தைத் திருப்பித் தருவாரா என்பதே அதன் மதிப்பு.

கையெழுத்துக்கு முன்னால் தாளைச் சோதிப்பதும் நல்ல பழக்கம். அமெரிக்காவில் ஜிப் கோடு என்ற ஐந்து இலக்க அஞ்சல் எண் 1963 ஜூலை 1-இல்தான் வந்தது. 'மாஸ்.' (மாசசூசெட்ஸ்) என்பதுபோல எழுதிய மாநிலப் பெயரை இரண்டே எழுத்தாகச் சுருக்கியதும் அதே ஆண்டில்தான். 1959 கடிதத்தின் தலைப்பிலோ உறையிலோ ஜிப் கோடு இருந்தால் மேலே பார்க்கவே வேண்டாம். 'வாஷிங்டன் 25' என்பதுபோல ஊர்ப் பெயருக்குப் பின் வரும் சிறிய எண் பழைய மண்டல எண், அது சரிதான். கென்னடிக்கும் நடிகை மர்லின் மன்றோவுக்கும் தொடர்பு காட்டுவதாகச் சொல்லி லட்சக்கணக்கான டாலருக்கு விற்ற ஆவணக் குவியல் ஒன்று 1997-இல் போலி என்று அம்பலமானது. 1960-களின் தொடக்கத் தேதியிட்ட கடிதத்தில் ஜிப் கோடு இருந்தது, அந்தக் காலத்தில் இல்லாத தட்டச்சுத் திருத்த நாடாவின் தடமும் இருந்தது. பெரிய பெரிய ஆட்களும் அதுவரை நம்பியிருந்தார்கள். இன்னொரு சோதனை, இருட்டறையில் புற ஊதா விளக்கு. 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளுக்குப் பிறகு வந்த காகிதங்களில் பல, வெண்மையூட்டும் வேதிப்பொருளால் பளிச்சென்று நீலவெண்மையாக ஒளிரும். 1959 தாளில் இது தீர்ப்பாகாது. 1910 கடிதம் ஒளிர்ந்தால் தீர்ப்பேதான்.

சேகரிப்பை வளர்க்கும்போது வாஷிங்டன், லிங்கன் ஆசை வரும். மலிவாகக் கண்ணில் படும் வரை காத்திருக்க வேண்டாம். மலிவாக வருவதே ஆபத்து. ராபர்ட் ஸ்பிரிங் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வாஷிங்டனின் அனுமதிச் சீட்டுகளையும் காசோலைகளையும் போலியாகத் தயாரித்து விற்றார். பழைய புத்தகங்களின் வெற்றுத் தாளைக் கிழித்து, காப்பித் தண்ணீரில் பழுப்பேற்றுவது அவர் வழி. பின்னால் வந்த ஜோசப் கோசி லிங்கன் கையெழுத்தைப் போலி செய்தார். அசல் லிங்கன் கையெழுத்து படிப்படியாக மேலேறும். கோசியின் எழுத்து பெரும்பாலும் ஒரே நேர்கோட்டில் உட்காரும். லிங்கன் கடிதங்களிலும் சிறு குறிப்புகளிலும் 'ஏ. லிங்கன்' என்றும், படை நியமனம் போன்ற அரசு ஆவணங்களில் 'ஆபிரகாம் லிங்கன்' என்று முழுதாகவும் போட்டார். இந்த வழக்கத்துக்கு மாறானது வந்தால் சந்தேகப்படுங்கள். மை பரவாமல் தடுக்கும் பூச்சுப் பசை காலப்போக்கில் போய்விட்ட பழைய தாளில் புதிதாக எழுதினால், மை இழைகளின் வழியே பரவும். மடிப்பைக் கடக்கும் இடத்தில் மை மடிப்புக்குள் கசிந்திருந்தால், தாள் மடிந்த பிறகு எழுதியது அது. ஆவணத்திலிருந்து வெட்டியெடுத்த வெறும் கையெழுத்துத் துண்டை மட்டும் தொடவே தொடாதீர்கள். தேதி, பொருள், தாளின் தலைப்பு என்று சோதிக்க எதுவும் அதில் மிச்சமில்லை. போலி செய்பவருக்கு அதைவிட வசதி வேறில்லை.

தொடங்குவதற்கு நான் சொல்வது மூன்று ஜனாதிபதிகள். டாஃப்ட் ஜனாதிபதியாகவும் (1909–13) பிறகு உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாகவும் (1921–30) இருந்த ஒரே ஆள், நிறையக் கடிதம் எழுதியவர். ஹூவர் பதவிக்காலம் முடிந்தபின் முப்பத்தோரு ஆண்டுகள் வாழ்ந்தார். ட்ரூமன் 1953-க்குப் பிறகு மிசூரியில் தன் ஊரிலிருந்து ஓயாமல் பதில் போட்டார். பதவிக்குப் பிந்தைய கடிதம் பதவிக்காலக் கடிதத்தைவிட விலை குறைவு, உள்ளடக்கம் பல சமயம் மேல். விற்பனைப் பட்டியல்களில் ஏ.எல்.எஸ். என்றால் முழுதும் கைப்பட எழுதியது, டி.எல்.எஸ். என்றால் தட்டச்சுசெய்து கையொப்பமிட்டது, டி.எஸ். என்றால் கையொப்பமிட்ட ஆவணம். விலையும் பெரும்பாலும் அந்த வரிசையில் குறையும். ஆனால் நன்றி மட்டும் சொல்லும் ஏ.எல்.எஸ்.ஸைவிட, கொள்கையை விவாதிக்கும் டி.எல்.எஸ். எத்தனையோ மடங்கு மேலானது.

இப்போது வாழ்பவர்களுக்கு நீங்களே எழுதிக் கேட்கலாம். சுருக்கமான கடிதம், இரண்டு வெற்று அட்டைகள், தபால்தலை ஒட்டிய சுயமுகவரி உறை, மடியாமலிருக்க ஒரு கெட்டி அட்டை போதும். செனட்டர்களுக்கு வாஷிங்டன் முகவரியைத் தவிர்த்து அவர்கள் மாநில அலுவலகத்துக்கு அனுப்புங்கள். தபாலில் ஆந்த்ராக்ஸ் கிருமியை அனுப்பிய 2001 தாக்குதலுக்குப் பிறகு வாஷிங்டன் அரசு அலுவலகங்களுக்குப் போகும் தபாலைக் கிருமி கொல்லும் கதிர்வீச்சில் காட்டுகிறார்கள். காகிதம் மஞ்சளித்து நொறுங்கும், புகைப்படங்கள் ஒட்டிக்கொள்ளும். வருவதில் பாதி ஆட்டோபென்னாகவோ அச்சிட்டதாகவோ இருக்கலாம். அதை அப்படியே குறித்துவையுங்கள்.

எதை வாங்கினாலும் அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். ஜனாதிபதி ஒரு தனிமனிதருக்கு அனுப்பியது, பட்டா, நியமனப் பத்திரம் போன்றவை பெற்றவரின் சொத்து, கவலையில்லை. ஜனாதிபதிக்கோ அரசுத் துறைக்கோ வந்த கடிதம் வெளியில் எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். கோப்புக் குறி, நூலக முத்திரை, அல்லது முத்திரையைச் சுரண்டிய தடம் தெரிந்தால் விலகிவிடுங்கள். உள்ளே பெரிய பைகள் தைத்த கோட்டுடன் நூலகங்களுக்குப் போய் ஆவணங்களைத் திருடிய பாரி லாண்டாவ் 2011-இல் பால்டிமோரில் பிடிபட்டார். திருட்டுப் பொருள் என்று தெரிந்தால் தேசிய ஆவணக் காப்பகம் உங்களிடமிருந்தும் திரும்ப எடுத்துக்கொள்ளும். கொடுத்த பணத்துக்கு நீங்கள் விற்றவரைத்தான் தேட வேண்டும்.

பாதுகாப்பில் முதலில் செய்யக் கூடாதவை: லேமினேஷன், செல்லோ டேப், பசை, வினைல் உறை. வினைல் மையையே உரித்துக்கொள்ளும். அமிலமற்ற அட்டையுடன் தூய பாலியெஸ்டர் உறையில் போட்டு, பெட்டியில் படுக்கையாக வையுங்கள். நியூ ஜெர்சி வீட்டின் பேஸ்மென்ட்டும் பரணும் வேண்டாம், ஒன்றில் ஈரம், மற்றதில் வெப்பம். ஆட்கள் புழங்கும் அறையின் உள்சுவர் அலமாரி நல்லது. ஈரப்பதம் 35 முதல் 50 சதவீதம், அதைவிட முக்கியம் ஏறி இறங்காமல் இருப்பது. தோல் பட்டா ஈரத்தில் சுருண்டு நெளியும். அதை இஸ்திரி போட்டு நேராக்க முயன்றால் திரும்பச் சரிசெய்ய முடியாது, காகிதப் பாதுகாப்பு வல்லுநரிடம் கொடுங்கள். சுவரில் மாட்ட ஆசையென்றால் நல்ல வண்ண நகலை மாட்டுங்கள். எங்கே, எப்போது, யாரிடம், என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பதை மென்பென்சிலால் உறையின் வெளியே உள்ள அட்டையில் எழுதுங்கள், ஆவணத்தின் மேல் ஒரு புள்ளிகூட வைக்காதீர்கள். ரசீதையும் நிபுணர் கருத்தையும் தனிக் கோப்பில் வையுங்கள்.