லேப்ல சாம்பிள் கையாளுறவங்க கேட்ட சில கேள்விகள்

கே: எபோலா மாதிரி பயங்கரமான வைரஸ் வந்தாதான் எங்களுக்கு ரிஸ்க்கா?

ப: எனக்கு அதவிட பயம் வெறும் "காய்ச்சல்"னு எழுதி வர்ற ட்யூப் மேலதாங்க. எபோலா சந்தேகம்னு எழுதியிருந்தா எல்லாரும் உஷாராயிடுவாங்க, எழுதாம வந்தா சாதாரண ரத்தம்னு நெனச்சு கிளவுஸ் கூட சரியா போடாம மூடிய தொறந்துடுவோம். 1967ல ஜெர்மனியோட மார்பர்க், பிராங்பர்ட்லயும், அப்போ யூகோஸ்லாவியாவுல இருந்த பெல்கிரேடுலயும் இதான் நடந்துச்சு, உகாண்டாலேந்து வந்த குரங்குகளயும் அதோட திசுவயும் வழக்கம் போல கையாண்ட லேப்காரங்களுக்கு அதுவரைக்கும் யாருமே கேள்விப்படாத வைரஸ் தொத்தி, அவங்க கிட்டேந்து மத்தவங்களுக்கும் போய், மொத்தம் 31 பேருக்கு வந்து 7 பேர் செத்துப்போனாங்க. அதனால எந்த ரத்தமா இருந்தாலும் கிருமி இருக்குன்னே வச்சுக்கிட்டு வேலை பாருங்க. டாக்டருங்க கிட்டயும் ஒரு வேண்டுகோள், சந்தேகம் இருந்தா தயவுசெஞ்சு ஃபார்ம்ல எழுதுங்க.

கே: சென்ட்ரிஃப்யூஜ் (ட்யூப வேகமா சுத்துற மெஷின்) ஓடும்போது ட்யூப் உடைஞ்சா?

ப: உடனே தொறக்காதீங்க! ஆஃப் பண்ணிட்டு 30 நிமிஷம் மூடியே வைங்க, உள்ள கண்ணுக்குத் தெரியாத துளி நெறைய மிதக்கும், அது அடங்கணும். அப்புறம் மாஸ்க், தடிமனான கிளவுஸ் போட்டு, கண்ணாடித் துண்டை ஃபோர்செப்ஸால எடுங்க, கையால வேண்டாம்.

கே: எங்க லேப்ல லேமினார் ஃப்ளோ (வடிகட்டின காத்து சீரா வீசுற மேடை) இருக்கு, அது போதாதா?

ப: போதாது. காத்து நேரா உங்க மூஞ்சிய பாத்து வர்ற டைப்பா இருந்தா அது சாம்பிளத்தான் காப்பாத்தும், உங்கள இல்ல. சாம்பிளயும் உங்களயும் சேத்து காப்பாத்துற கிளாஸ் 2 பயோசேஃப்டி கேபினெட் கேளுங்க, விடாம கேளுங்க.

கே: ஊசி குத்திடுச்சு, சொன்னா திட்டுவாங்கன்னு பயமா இருக்கு.

ப: திட்டினா திட்டட்டும், இப்பவே சொல்லுங்க. சோப்பு போட்டு ஓடுற தண்ணில கழுவுங்க, அமுக்கிப் பிழியாதீங்க. எச்ஐவி உள்ளவங்க ரத்தம் பட்ட ஊசி குத்தினா தொத்துற வாய்ப்பு சுமாரா 0.3 சதவீதம்தான், ஆனா தடுப்பு மருந்த சில மணி நேரத்துலயே ஆரம்பிக்கணும், 72 மணி நேரத்த தாண்டவே கூடாது, 28 நாள் விடாம சாப்பிடணும். மறைச்சு வச்சா அந்த நேரம்தான் வீணாகும். ஊசி குத்தினதுக்கு திட்டுற சூப்பர்வைசரால அடுத்த ஆளு வாயே தொறக்க மாட்டார், அதுதான் லேப்புக்கே ஆபத்து.

கே: ஹெபடைடிஸ் பி ஊசி 3 டோஸும் போட்டாச்சு, இன்னும் என்ன?

ப: கடைசி டோஸ் முடிஞ்சு 1-2 மாசத்துல ஆன்டிபாடி டெஸ்ட் (ஊசியால ரத்தத்துல எதிர்ப்பு சக்தி வந்திருக்கான்னு பாக்குறது) பாருங்க. அளவு 10 mIU/mLக்கு கீழ இருந்தா டாக்டர் கிட்ட போய் மறுபடி போட்டுக்கோங்க.